முச்சந்தி அற்பமா?

கிருஷ்ணகிரியில் கூடும் பெருஞ்சாலைகளில் மூன்றைப் பாருங்கள். ஒன்று சென்னைக்குப் போகிறது. ஒன்று சேலத்துக்கு. மற்றொன்று ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு. மூன்று வழிகள் கூடும் இடத்துக்குத் தமிழில் முச்சந்தி என்று பெயர்.

பழைய ரோமாபுரி மக்கள் அதை "ட்ரிவியம்" என்றார்கள். "ட்ரி" என்றால் மூன்று. "வியா" என்றால் வழி. அதிலிருந்து வந்ததுதான் "ட்ரிவியல்" என்ற ஆங்கிலச் சொல். இன்று அதற்கு அற்பமானது என்று பொருள்! முச்சந்தியில் கிடைப்பது எல்லாருக்கும் கிடைப்பது. அதற்கு என்ன மதிப்பு என்று நினைத்துவிட்டார்கள். தமிழிலும் மானம் போனால் "சந்தி சிரிக்கிறது" என்கிறோம்.

அஸ்திவாரமும் அதுவே!

ஆனால் ட்ரிவியத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் மாணவர்கள் முதலில் மூன்று பாடங்கள் படித்தார்கள். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை. அந்த மூன்றுக்கும் சேர்த்து அதே பெயர்தான். அவற்றைக் கற்ற பிறகே கணக்கும் வானநூலும்!

மூன்று மொழிக் குழந்தை

ஓசூரும் ஒரு முச்சந்திதான். அங்கே கூடுவது மூன்று மொழிகள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளரும் குழந்தைகள் அங்கே உண்டு. தளிப் பக்கம் போனால் வீட்டிலேயே கன்னடம். 1953-ல் ஆந்திரா பிரிந்தது. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. கோடு நிலத்தில் விழுந்தது, வீட்டுக்குள் விழவில்லை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பல ஊர்க்காரர்களும் வேலை தேடி வந்தார்கள்.

இந்தக் குழந்தையின் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். "கலப்படப் பேச்சு" என்கிறார்கள். தாய்க்கு வெட்கம். "இனி வீட்டிலும் அந்த மொழி பேசாதே" என்று அதட்டுகிறாள். முடிவு என்ன? பாட்டி கதை சொல்கிறாள், பேரனுக்குப் புரியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு ஊமைகள்!

தமிழைப் பிழையில்லாமல் கற்க வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. இந்த மாநிலத்தில் படிப்புக்கும் வேலைக்கும் அதுவே துணை. அதற்காகப் பாட்டியின் மொழியை விரட்ட வேண்டுமா? குழந்தையின் மனம் ஒருவர் மட்டும் உட்காரும் நாற்காலி அல்லவே!

முச்சந்தியில் குப்பையும் சேரும். பிள்ளையாரும் அங்கேதான் இருப்பார். எதைப் பார்ப்பது என்பது பார்ப்பவர் கையில்.

பேரனைப் பாட்டியிடம் அனுப்புங்கள். ஒரு கதை கேட்கட்டும், அவள் மொழியிலேயே!