128 உடல்கள், 3 துப்பாக்கிகள்

வியட்நாம் போரில் அமெரிக்காவைத் தோற்கடித்தது தொலைக்காட்சிதான் என்ற பேச்சு அரை நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. களத்தில் வென்ற ராணுவத்தை வரவேற்பறையில் வைத்துப் பத்திரிகைக்காரர்கள் தோற்கடித்துவிட்டார்கள் என்று ஓய்வுபெற்ற தளபதிகள் சொல்கிறார்கள். செய்தியாளர்களும் அதை மறுப்பதில்லை. எங்கள் பேனாவும் கேமராவும் ஒரு போரையே நிறுத்தின என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. இரு தரப்புக்கும் பிடித்துப்போனதால் இந்தக் கதையை யாரும் உரசிப் பார்ப்பதில்லை, இதழியல் வகுப்புகளில்கூட. போர்ச் செய்தி சேகரிக்கப் போகும் ஒரு மாணவருக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது இந்தக் கதை பொய் என்பதைத்தான். இதை நம்பிக்கொண்டு களத்துக்குப் போகிறவருக்கு ராணுவத்தோடு எப்படிப் பழகுவது என்பதும் தெரியாது, தன் வேலை எது என்பதும் தெரியாது.

வியட்நாமுக்கு முன்பு அமெரிக்கா கொரியாவில் போரிட்டது. அந்தப் போர் தொடங்கிய 1950-ல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்றில்கூடத் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. அந்த ஆண்டு டிசம்பரில் ராணுவம் முழுத் தணிக்கையையும் கொண்டுவந்துவிட்டது. படமும் இல்லை, கட்டுப்பாடற்ற செய்தியும் இல்லை. அப்படியிருந்தும் மக்கள் அந்தப் போரைக் கைவிட்டார்கள். 1952 தொடக்கத்தில் அதிபர் ட்ரூமனுக்கு இருந்த ஆதரவு 22 சதவீதம். அரசியல் அறிவியலாளர் ஜான் முல்லர் இரண்டு போர்களின் கருத்துக்கணிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 1973-ல் ஒரு நூல் எழுதினார். செத்தவர்கள், காயம்பட்டவர்களின் மொத்தக் கணக்கு ஏற ஏற ஆதரவு இறங்கியது; இரண்டு போர்களிலும் இறங்கிய விதம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது அவர் கண்ட முடிவு. தணிக்கை இருந்த போரிலும் இல்லாத போரிலும் விளைவு ஒன்றாக இருக்கும்போது, பழியை எப்படிக் கேமராவின் மேல் போடுவது?

தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்டர் க்ராங்கைட்டின் கதைக்கு வருவோம். 1968 பிப்ரவரி 27 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் அவர், போர் முட்டுச்சந்தில் நிற்கிறது, பேச்சுவார்த்தைதான் வழி என்றார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அதிபர் ஜான்சன் மனமொடிந்துபோனார் என்பார்கள். ஆனால் அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பான இரவில் ஜான்சன் டெக்சாஸில், ஆளுநர் கானலியின் பிறந்தநாள் விருந்தில் இருந்தார். அதைவிட முக்கியமானது கேலப் கணிப்பு. படையை அனுப்பியது தவறு என்றவர்கள் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம். 1967 அக்டோபரில் 47 சதவீதம். க்ராங்கைட் வாய் திறப்பதற்கு நான்கு மாதம் முன்பே பாதி நாடு அந்த முடிவுக்கு வந்துவிட்டது. 1967 என்ற ஒரே ஆண்டில் 11,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்திருந்தார்கள். ஊருக்கு ஊர் சவப்பெட்டி வந்து இறங்கிய பிறகு, விஷயம் தெரிய யாருக்கும் டி.வி. தேவைப்படவில்லை. நேபாம் குண்டில் வெந்து ஓடிவரும் சிறுமியின் படம் போரை நிறுத்தியது என்பதும் இதே வகைதான். அது 1972 ஜூன் மாதத்துப் படம். ஒரு காலத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டி நின்ற அமெரிக்கப் படையில் பெரும்பகுதி அதற்குள் நாடு திரும்பிவிட்டது. அந்தப் படம் நம்மை உலுக்குவது உண்மை. போரை நிறுத்திய பெருமையை அதன் தலையில் ஏற்றாமலேயே அதற்கு மதிப்பு உண்டு.

இதையெல்லாம் போர் எதிர்ப்பாளர்கள் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்க ராணுவத்தின் சொந்த வரலாற்று மையத்தில் பணியாற்றிய வில்லியம் ஹாமண்ட், ராணுவ ஆவணங்களை வைத்தே இரண்டு தொகுதிகள் எழுதினார். 1988-ல் வந்த முதல் தொகுதியிலேயே, மக்களை விலகவைத்தது செய்திகள் அல்ல, உயிரிழப்புதான் என்று எழுதிவிட்டார். 1968 தொடக்கத்தில் எதிரிகள் நடத்திய டெட் தாக்குதல் பற்றிய செய்திகள் தவறாக இருந்தனவே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. சைகோனில் அமெரிக்கத் தூதரகக் கட்டடத்துக்குள்ளேயே எதிரிகள் புகுந்துவிட்டதாக முதலில் செய்தி போனது. சுற்றுச்சுவரைத் தகர்த்து வளாகத்துக்குள் வந்தவர்கள் கட்டடத்துக்குள் நுழையவில்லை. பீட்டர் பிரேஸ்ட்ரப் என்ற செய்தியாளரே இத்தகைய பிழைகளைத் திரட்டி 1977-ல் பெரிய நூலாக வெளியிட்டார். பிழை பிழைதான், மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாக்குதல் பேரதிர்ச்சியானதற்குக் காரணம் வேறு. இரண்டரை மாதம் முன்பு, 1967 நவம்பரில், தளபதி வெஸ்ட்மோர்லண்டை வாஷிங்டனுக்கு வரவழைத்து, முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று நாட்டுக்கு நம்பிக்கை சொல்லவைத்தார்கள். கொடுத்த நம்பிக்கை பொய்த்ததால்தான் மக்கள் கொதித்தார்கள். நம்பிக்கை கொடுத்தவர் நிருபர் அல்ல.

படை நகர்வு வெளியே கசிந்தால் சிப்பாய் சாவானே என்பது அடுத்த கேள்வி. சாவான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. சைகோனில் அங்கீகார அட்டை வாங்கிய ஒவ்வொரு செய்தியாளரும் படை நகர்வு போன்றவற்றை வெளியிடுவதில்லை என்ற விதிகளை ஏற்றுத்தான் வேலை செய்தார். அவற்றை மீறி அட்டையைப் பறிகொடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரகசியத்தைக் காக்கத் தணிக்கை அதிகாரி தேவைப்படவில்லை, தெளிவான விதியும் பரஸ்பர மரியாதையும் போதுமாயிருந்தன. வியட்நாமிலிருந்து ராணுவங்கள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய பாடம் இதுதான். அவை எடுத்துக்கொண்டதோ கதவைச் சாத்தும் பாடம். 1982 ஃபாக்லண்ட் போரில் பிரிட்டிஷ் நிருபர்கள் கடற்படைக் கப்பலை நம்பியே இருக்க வேண்டியிருந்தது. சில படச்சுருள்கள் லண்டன் வந்துசேர மூன்று வாரம் ஆனது. 1854-ல் கிரிமியாவிலிருந்து வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் எழுதியனுப்பிய செய்திக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான் ஆனது. ஃபாக்லண்டுக்கு அடுத்த ஆண்டு, 1983-ல், கிரெனடாவில் அமெரிக்கப் படை இறங்கியபோது முதல் இரண்டு நாள் ஒரு செய்தியாளரையும் தீவில் விடவில்லை.

சாட்சி இல்லாத போர் எப்படி முடியும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2009-ல் வன்னிக்குள் சுதந்திரச் செய்தியாளர் எவரையும் இலங்கை அரசு விடவில்லை. செத்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு மதிப்பிட்டது. சரியான எண் இன்றுவரை நமக்குக் கிடைக்கவில்லை. இந்தியாவில் 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் நடந்தபோது பாதுகாப்பு அமைச்சகம், ராணுவ நடவடிக்கைகளை நேரலையில் காட்டாதீர்கள் என்று அறிவுறுத்தியது. அதில் தவறில்லை. ஆனால் அந்த நாட்களில் மக்களை ஏமாற்றியது கேள்வி கேட்ட செய்தியாளர் அல்ல. கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று இரவெல்லாம் முழங்கிய சேனல்கள்தான். தேசபக்தி என்று நினைத்து அவர்கள் பரப்பிய பொய்யால் எந்தச் சிப்பாய்க்கும் நன்மை விளையவில்லை.

நம் பாதுகாப்பு அமைச்சகம் செய்தியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. அதற்குப் போகத்தான் வேண்டும். பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் வித்தியாசம் தெரியாதவர் போரைப் பற்றி எழுதக் கூடாது. ஆனால் ராணுவ அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதை ராணுவம் சொல்லித்தராது. அதைச் செய்தி டெஸ்க்கும் இதழியல் துறையும்தான் சொல்லித்தர வேண்டும். அதற்கு 1968 மார்ச் 16-ம் தேதியைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. வியட்நாமின் குவாங் ங்காய் மாகாணத்தில் ஒரு பகல் முழுக்கச் சண்டை நடந்தது, எதிரிகள் 128 பேர் பலி என்று ராணுவம் அறிவித்தது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் அந்த எண்ணை முதல் பக்கத்தில் அச்சிட்டது. படைப்பிரிவின் கணக்கில் கைப்பற்றிய ஆயுதங்கள் மூன்று. 128 போராளிகள் பகல் முழுக்கச் சண்டை போட்டுச் செத்த இடத்தில் மூன்றே துப்பாக்கிகள் என்றால், மீதிப் பேர் எதை வைத்துச் சண்டை போட்டார்கள்? இதைக் கேட்க வீரம் வேண்டாம், குண்டு துளைக்காத சட்டை வேண்டாம். கூட்டல் கழித்தல் தெரிந்து, மறுமுனையில் இருக்கும் அதிகாரியிடம் மரியாதையாகக் கேட்கத் தெரிந்தால் போதும். அன்று யாரும் கேட்கவில்லை. போரில் அமெரிக்காவைத் தோற்கடித்ததாகச் சொல்லப்படும் அந்தப் பத்திரிகை உலகம், சொன்னதை அப்படியே அச்சிட்டது.

அந்த ஊர் மை லாய். செத்தவர்கள் கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும். அமெரிக்க ராணுவக் கணக்கில் 347 பேர், வியட்நாமியர் கணக்கில் 504 பேர். உண்மை அச்சேற இருபது மாதம் ஆனது. எழுதிய சீமோர் ஹெர்ஷ் அதற்காக வியட்நாம் போகவில்லை. ஏபி செய்தி நிறுவனத்துக்காகப் பென்டகனில் நிருபராக இருந்தவர், ராணுவம் எப்படி இயங்கும் என்று தெரிந்தவர். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட லெப்டினன்டைத் தேடி ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த ஒரு ராணுவ முகாமுக்குப் போனார்; பகல் முழுக்க விசாரித்து அலைந்து, இரவில் ஆளைக் கண்டுபிடித்து, எதிரில் உட்கார்ந்து கேட்டார்.