எலும்போடு வாழும் உலோகம்

அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளில் கடலை ஒட்டிய வீடுகளின் சன்னல் கம்பிகளைப் பாருங்கள். எத்தனை முறை வண்ணம் பூசினாலும் துரு எட்டிப் பார்க்கும். கடற்காற்றில் வரும் உப்பும் ஈரமும் செய்யும் வேலை அது. அதே வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர் குடமோ பளபளவென்று இருக்கிறது. ஆகவே, எலும்பு முறிந்தவருக்கு எவர்சில்வர் இனத்தைச் சேர்ந்த எஃகில் தகடும் திருகும் பொருத்திவிட்டால் கவலை தீர்ந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. அவ்வாறு எண்ணி அந்த உலோகத்தை மறந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

நம் உடலின் உள்ளே இருப்பதும் உப்பு நீர்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. மருத்துவமனையில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அதாவது, கடலின் உவர்ப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இரவு பகல் எந்நேரமும் 37 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேறு. உலோகத்திற்கு இது சுகமான இருப்பிடம் அன்று.

பின் எவர்சில்வர் எவ்வாறு தாக்குப்பிடிக்கிறது? அதிலுள்ள குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஓர் ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்களே. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் உண்டு என்பதை நினைவிற் கொண்டால், இந்தக் கவசம் எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும். கீறல் விழுந்தாலும் அருகில் ஆக்சிஜன் இருந்தால் படலம் தானே மீண்டும் உருவாகிவிடும்.

ஆபத்து எங்கே என்றால், திருகின் தலை தகட்டோடு இறுகப் படியும் இடுக்கில்தான். அங்கே திரவம் தேங்குகிறது, ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. குளோரைடு அயனிகள் சேரச் சேர, அந்த இடுக்கில் அமிலத்தன்மை ஏறுகிறது. உலோகம் கரைந்து குழி விழுகிறது. நடக்கும்போது திருகும் தகடும் நுண்ணிய அளவில் உரசிக்கொள்வதால் படலம் மேலும் தேய்கிறது. தகடு ஓர் உலோகம், திருகு வேறோர் உலோகம் என்று கலந்து வைத்தாலோ, நீங்கள் பாடத்தில் படித்த வோல்டா மின்கலம் போன்ற ஒன்று உடலுக்குள்ளேயே அமைந்துவிடும்!

இவை யாவும் அனுபவத்தில் கற்ற பாடங்கள். 1890-களில் ஆங்கில அறுவை மருத்துவர் லேன் எலும்போடு பொருத்திய எஃகுத் தகடுகள் உடலுக்குள் அரிக்கப்பட்டன. பிற்காலத்தில் குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகு வந்தது. குழி அரிப்பைத் தடுக்க மாலிப்டினம் சேர்த்தனர், கரிமத்தை 0.03 சதவீதத்திற்கு மேற்படாமல் குறைத்தனர். இன்று '316எல்' எனப்படும் எஃகு இவ்வாறு பிறந்ததே. கோபால்ட்–குரோமியக் கலவைகளும் டைட்டேனியமும் அரிப்பை இன்னும் நன்றாகத் தாங்குகின்றன. ஆனால் விலை அதிகம். டைட்டேனியமோ உரசலில் எளிதில் தேயக்கூடியது. குறையே இல்லாத உலோகம் என்று ஒன்று இல்லை.

உயர்ந்த கலவையும் ஏமாற்றக்கூடும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. டிபியூ நிறுவனத்தின் 'ஏ.எஸ்.ஆர்.' என்னும் செயற்கை இடுப்பு மூட்டில் பந்தும் கிண்ணமும் கோபால்ட்–குரோமியக் கலவையால் ஆனவை. உலோகமும் உலோகமும் உரசியதால் துகள்களும் அயனிகளும் வெளிப்பட்டுச் சுற்றியுள்ள திசுக்களிலும் இரத்தத்திலும் கலந்தன. 2010 ஆகஸ்டில் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை 2018-ல் வெளியானபோது, அந்நோயாளிகளுள் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்பது தெரியவந்தது. உலோகம் செய்த தீங்கைவிட இது எனக்குப் பெரிய தீங்காகப் படுகிறது. தம் உடலுக்குள் இருப்பது எது என்று அறியாதவரை யார் எச்சரிக்க முடியும்?

ஆகவே இரண்டு வழக்கங்கள் நம் நாட்டில் வேரூன்ற வேண்டும். முதலாவது, உடலில் உலோகம் பொருத்தப்பட்ட ஒவ்வொருவர் கையிலும், கலவையின் பெயர், தயாரிப்பு எண், பொருத்திய நாள் ஆகியவை குறித்த அட்டை ஒன்று இருக்க வேண்டும். அதன் பிரதி ஒரு பொதுப் பதிவேட்டில் சேர வேண்டும். இரண்டாவது, உடலிலிருந்து எடுக்கப்படும் தகடும் திருகும் குப்பைக்கோ அலமாரிக்கோ போகாமல் ஆய்வுக்கூடத்திற்குப் போக வேண்டும். பழுதானவை மட்டுமல்ல, பழுதின்றி உழைத்தவையும் போக வேண்டும். எது ஏன் தாங்கியது என்பதும் நமக்குத் தெரிய வேண்டாமா?

இதற்கு அறிவோ கருவியோ நம்மிடம் இல்லாமலில்லை. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கி வருகிறது. உலோக அரிப்பு அதன் முக்கியத் துறைகளுள் ஒன்று. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள், உடலில் பொருத்தும் உலோகங்களின் அரிப்பைப் பற்றி 2003-ல் விரிவான கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். இதெல்லாம் கூடுதல் செலவு என்பார்கள். ஓர் அட்டைக்கு ஆகும் செலவையும், மறு அறுவைச் சிகிச்சைக்கு ஒரு குடும்பம் படும் பாட்டையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

மாணவர்களே, யாரும் அஞ்ச வேண்டியதில்லை. இந்த உலோகங்கள் எத்தனையோ பேரை எழுந்து நடக்க வைத்திருக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ அத்தைக்கோ காலில் பிளேட் இருந்தால், "அது என்ன உலோகம்? எப்போது வைத்தார்கள்? சீட்டு எங்கே?" என்று கேளுங்கள். விடை கிடைத்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிடைக்காவிட்டால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.