நன்கொடை டிக்கெட்

உதவிநிதிக் கச்சேரிக்கென்று திருவானைக்காவல் கடைகளுக்கு டிக்கெட் புத்தகத்தோடு வருகிறார்கள். வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். போன முறை நாம் வாங்கிய பத்தும் அப்படியே கிடந்தன.

ஆனந்த விகடன் ஓவியர் மாலி 1930களில் சங்கீத வித்வான்களைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். கச்சேரியில் உட்கார்ந்து கேட்காதவர் கைக்கு அந்த முகபாவம் வருமா? 1944-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் பாடினார். 1974-ல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருதும் பொதுச்சேவைக்குத்தான். அப்படி நிதிக்காகப் பாடுகிறவர் எதிரே, பணம் கட்டியவர்களின் நாற்காலிகள் காலியாகவா இருப்பது?

இன்னொன்று. துவரம்பருப்பு மூட்டையை எடை பார்த்து இறக்கும் நாம், நிதியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்க ஏன் கூசுகிறோம்? நல்ல காரியம் செய்கிறவர்கள் காட்டத் தயங்க மாட்டார்கள். இனி டிக்கெட்டைக் கணக்குப்பிள்ளைக்கும் கடைப்பையன்களுக்கும் கொடுத்து, அன்று ஆறு மணிக்கே கடையைச் சாத்தப் போகிறோம்.