மின்சார ஒப்பந்தத்தில் பறவைகளுக்கும் ஒரு விதி

எரிசக்திக்குப் பொறுப்பு வகிக்கும் அமைச்சர் மாண்புமிகு டாக்டர் டான் சீ லெங் அவர்களுக்கு,



காற்றாலை மின்சாரத்தைப் பெரிய அளவில் சிங்கப்பூரிலேயே தயாரிக்க நமக்குக் காற்றும் போதாது, நிலமும் போதாது. இன்றைக்கும் நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு எரிவாயுவிலிருந்தே வருகிறது. அதைக் குறைக்க, 2035க்குள் 6 கிகாவாட் வரை குறைந்த கரிம மின்சாரத்தை வெளிநாடுகளிலிருந்து தருவிக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். வியட்னாமின் கடற்காற்றாலைகளிலிருந்து 1.2 கிகாவாட் பெற 2023லேயே நிபந்தனையுடன் ஒப்புதல் தரப்பட்டது. கம்போடிய மின்சாரத்திலும் காற்றாலையின் பங்கு இருக்கலாம். இந்தத் திட்டம் நமக்குத் தேவை. அதன் நிபந்தனைகளில் பறவைகளுக்கும் இடம் வேண்டும்.

சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் எரியத் தொடங்கும்போது, சுங்கை பூலோ ஈரநிலத்துக்கு வலசைப் பறவைகளான பவளக்காலிகள் வந்து சேர்ந்திருக்கும். வெளியே கடல் ஏறிச் சேற்றுத்திட்டுகள் மூழ்கியதும் கூட்டமாக உள்ளே குளங்களுக்கு வந்து இறங்கும். செவ்வாரஞ்சுக் கால்களில் ஒன்றை மடக்கிக்கொண்டு, அலகை முதுகுச் சிறகில் செருகி, அசையாமல் நிற்கும். நீர் வடிந்ததும் மறுபடி இரை தேடப் பறந்துவிடும். அந்த ஈரநிலத்தை 2002இல் சட்டப்படி காப்பிடமாக்கினோம். இங்கே பாதுகாத்த பறவையை, நமக்கு மின்சாரம் வரும் வழியிலேயே பலி கொடுக்கலாமா?

இலங்கையின் மன்னாரைப் பாருங்கள். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள், 100 மெகாவாட், பெயர் தம்பபவனி. பக்கத்திலேயே பூநாரைகள் வந்திறங்கும் வங்காலை சரணாலயம், 2010 முதல் ராம்சார் தலம். அங்கே மேலும் 250 மெகாவாட் அமைக்க அதானி நிறுவனம் முன்வந்தபோது சுற்றுச்சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. மின்சார விலையும் சர்ச்சையாக, 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், வேறு காற்றாலைகளை எதிர்த்து மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். பறவைகளையும் ஊராரையும் முதலிலேயே கணக்கில் எடுத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் எண்ணம்.

பாதிப்பு, பறவைகள் காற்றாலைகளில் மோதிச் சாவதோடு முடிவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சால்கேவாடி பீடபூமியில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. காற்றாலை இல்லாத இடங்களோடு ஒப்பிட்டால், அவை இருந்த இடங்களில் இரைகொல்லிப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இருந்தன. அந்தப் பறவைகள் தின்னும் ஓணான்கள் பெருகியிருந்தன.

மோதலைக் குறைக்க வழியும் இருக்கிறது. நார்வேயின் ஸ்மோலா தீவில் சில காற்றாலைகளின் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசியதில் பறவைச் சாவு 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நம் செலவில் பெரிதாகச் செய்து பார்க்கத் தகுந்தது.

ஆகவே, இறுதி உரிமம் தருமுன் வலசைப் பருவம் முழுவதும் காற்றாலை அமையவிருக்கும் இடத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கட்டும். அதைத் தேசியப் பூங்காக் கழகம் சரிபார்த்து வெளியிடட்டும். பெருங்கூட்டமாகப் பறவைகள் கடக்கும் வேளைகளில் காற்றாலையை நிறுத்துவது ஒப்பந்தத்தில் எழுதப்படட்டும். அதனால் மின்கட்டணம் சற்றுக் கூடினால், கொடுக்க நான் தயார். வியட்னாம், கம்போடியா ஒப்பந்தங்கள் முடிவாகுமுன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தேக்கா வட்டாரக் குடியிருப்பாளர்