நகை செய்தார்கள் என்பதற்காகச் சிறை சுகமாகிவிடுமா?



நான்கு நாட்களாக ஒரு படம் நம் பழைய மாணவர் குழுவிலும் சொந்தக்காரர்கள் குழுவிலும் சுற்றுகிறது. வெள்ளிக் காசை அறுத்துச் செய்த ஒரு புரூச். நடுவில் தாடி வைத்த ஒருவரின் தலை; சுற்றியிருந்த வெள்ளியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். கீழே ஒரு வரி: "போயர் போர்க் கைதிகள் இலங்கை முகாமில் பொழுதுபோக்காகச் செய்தது. வெள்ளைக்காரன் சிறையில்கூட எவ்வளவு சுகம்!" பலர் கைதட்டிவிட்டீர்கள். எனக்குக் கை வரவில்லை.

முதலில் காசைப் பாருங்கள். அந்தத் தலை, தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் குடியரசின் தலைவராக இருந்த பால் குரூகருடையது. அவர் முகம் பொறித்த காசுகள் 1892-ல் வெளிவந்தன. அந்த மண்ணில் தங்கம் கிடைத்தது. 1899-ல் பிரிட்டனோடு போர் வந்தது. 1900-ல் டிரான்ஸ்வாலைத் தன் ஆட்சிப் பகுதி என்று பிரிட்டன் அறிவித்தது. ஆக, கைதியின் கையில் இருந்தது பறிபோன நாட்டின் காசு. ஓரத்தையெல்லாம் அறுத்து எறிந்தவன், தன் தலைவரின் முகத்தை மட்டும் கீறல் படாமல் காப்பாற்றியிருக்கிறான். இதற்குப் பெயர் பொழுதுபோக்கா?

ஏறத்தாழ 25,000 போயர்களைக் கப்பலேற்றி செயின்ட் ஹெலனா, பெர்முடா, இலங்கை, இந்தியா என்று அனுப்பினார்கள். இலங்கைக்கு வந்த 5,000 பேரில் பெரும்பாலோர் தியத்தலாவை முகாமில் இருந்தார்கள். நம் திருச்சியிலும், நீலகிரியில் வெலிங்டன், கேத்தியிலும் முகாம்கள் இருந்தன. மீசை முளைக்காத பையன்களும் தாத்தாக்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. எப்போது விடுதலை என்று ஒருவருக்கும் தெரியாது. நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தால் மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்கும். மரம், எலும்பு, கல், காசு என்று கையில் கிடைத்ததைச் செதுக்கினார்கள். சிலவற்றைக் காவலர்களுக்கும் ஊராருக்கும் விற்றார்கள். நம் ஊர் மத்திய சிறைகளிலும் கைதிகள் நெய்கிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள். அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "ஜெயில் சுகமான இடம்" என்று சொல்வோமா?

"தியத்தலாவையில் விளையாட்டு இருந்தது, பத்திரிகை இருந்தது, 1901-ல் கொழும்பில் கிரிக்கெட்கூட ஆடினார்கள்" என்று ஒரு மாணவர் பதில் போட்டிருக்கிறார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புரூச்சைக் குத்திக்கொள்ள வேண்டிய மனைவியும் மகளும் எங்கே இருந்தார்கள் என்று அவர் கேட்கவில்லையே! பிரிட்டிஷ் படை அவர்களுடைய பண்ணை வீடுகளைக் கொளுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் தென்னாப்பிரிக்காவிலேயே கூடார முகாம்களில் அடைத்தது. தட்டம்மையும் குடற்காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்து ஏறத்தாழ 28,000 பேரைக் கொன்றன. அவர்களில் சுமார் 22,000 பேர் குழந்தைகள். இதை 1901-ல் நேரில் பார்த்து உலகுக்குச் சொன்னவர் எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. சொந்த நாட்டிலேயே அவரைத் துரோகி என்றார்கள். நகை செய்தவர்களில் எத்தனை பேருக்கு, அதை அணிய வீட்டில் ஆள் மிஞ்சியிருந்தது?

போயர்களைத் தியாகிகளாக்க நான் எழுதவில்லை. கறுப்பின மக்களைத் தனி முகாம்களில் அடைத்தார்கள். அங்கே 14,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப வெகுகாலம் யாரும் நினைக்கவில்லை. போயர்களின் வாரிசுகளே பின்னாளில் நிறவெறி ஆட்சி நடத்தினார்கள். அடிபட்டவன் நாளை அடிக்கமாட்டான் என்று எந்த வரலாறும் உறுதி தரவில்லை. ஆனால் அதற்காக, அடித்தவனுக்கு நற்சான்றிதழ் எழுதித் தருவது நம் வேலையல்ல. அதுவும் அதே ஆட்சியின் கீழ் இருந்த நாம்!

வேலைப்பாட்டைப் பாராட்டுங்கள், தாராளமாக. அந்தப் பாராட்டு செய்தவனுக்குப் போகட்டும், அடைத்து வைத்தவனுக்கு வேண்டாம். இனி இப்படி ஒரு படம் வந்தால், பகிருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இது யார் முகம்? செய்தவனை எங்கே அடைத்தார்கள்? அவன் குடும்பம் அப்போது எங்கே இருந்தது? மூன்றுக்கும் விடை தேடி எழுதிவிட்டுப் பகிருங்கள். என்னிடம் படித்தவர்கள் விடைத்தாளில் பாதிப் பதில் எழுதினால் எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்பது நினைவிருக்கும்தானே?

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.