கொஞ்ச நாளைக்குத்தான்

போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் பதில் எழுத முடியாமல் எடுத்து வைத்திருந்தேன். எழுதிய சகோதரி இரண்டு குழந்தைகளுக்குத் தாய். பி.எட். படிக்க இடம் கிடைத்து, பணம் கட்டப் போகிற வாரத்தில் மாமனார் பக்கவாதத்தில் விழுந்துவிட்டாராம். "எல்லாரும் கடவுள் விட்ட வழி என்கிறார்கள் அக்கா. அந்த வழியில்தான் நடக்கிறேன். மனசு மட்டும் கூட வரமாட்டேன் என்கிறது. இது பாவமா?" என்று கேட்டிருக்கிறார்.

பாவமில்லை அம்மா. எனக்கும் வரவில்லை.

2015-ல் நாங்கள் அம்பத்தூரில் இருந்தோம். தையல் கற்றுக்கொண்டு, கடன் வாங்கி ஓவர்லாக் மிஷின் போட்டு, ஜாக்கெட் தைத்துக் கொடுக்க ஆரம்பித்து நாலே மாதம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்திலிருந்து போன் வந்தது. ராத்திரி சாப்பிடும்போது அத்தைக்கு வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. "அசதியா இருக்கும், தூங்கினா சரியாப் போயிடும்" என்று படுக்க வைத்துவிட்டார்கள். விடிந்துதான் ஆஸ்பத்திரி. அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. (வாய் கோணல், கை தொங்கல், பேச்சுக் குழறல், இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.)

"கொஞ்ச நாளைக்குத்தான். நீ போய்ப் பாத்துக்கோ" என்றார் வீட்டுக்காரர். "சரிங்க" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சரி அது. மிஷினைப் பழைய புடவை போட்டு மூடிவிட்டு பஸ் ஏறினேன். அந்தக் கொஞ்ச நாள் ஏழு வருஷமாயிற்று.

எங்கள் தெருவில் ரிடையரான நர்ஸ் அக்கா ஒருவர் இருந்தார். வேலூரில் படித்தவர். படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது, தலைப்பக்கம் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டுத்தான் கஞ்சி ஊட்டுவது, ஊட்டியதும் அரை மணியாவது சாய்க்காமல் இருப்பது, எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். ஒரு நாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துணி அலசுவதைப் பார்த்துவிட்டு, "இதே திண்டிவனத்துக்குக் கொஞ்ச நாளைக்குன்னு வந்து மாட்டிக்கிட்ட இன்னொருத்தி கதை தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். வேலூர் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடரைத்தான் சொன்னார்.

ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா காலத்திலிருந்தே மிஷனரி டாக்டர்கள் குடும்பம். தாது வருஷப் பஞ்சத்தில், ஆறேழு வயதில், பட்டினிக் குழந்தைகளைக் கண் முன்னால் பார்த்தவர். அமெரிக்காவுக்குப் படிக்கப் போனபோது, இனி இந்த ஊர்ப்பக்கமே வருவதில்லை, வசதியாகக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார். 1890-ல் திண்டிவனத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வந்தார். கொஞ்ச நாளைக்குத்தான்.

அப்படி இருந்தபோது ஒரு ராத்திரி கதவு தட்டுகிற சத்தம். ஒரு பிராமணர் நிற்கிறார். சின்னப் பெண்ணான மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீ வா என்கிறார். நான் டாக்டர் இல்லை, அப்பா வருவார் என்கிறார் ஐடா. அந்நிய ஆண் என் மனைவியைத் தொடக்கூடாது என்று அவர் திரும்பிப் போய்விடுகிறார். அடுத்து ஒரு முஸ்லிம். அதற்கும் பிறகு இன்னொருவர். அதே பிரசவம், அதே பதில். காலையில் பறைச் சத்தம் கேட்டு ஆள் அனுப்பி விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

எல்லாரும் இதைப் பெரிய தியாகக் கதையாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அந்த ராத்திரி அவர் உடனே சரி சொல்லிவிடவில்லை. தூக்கமில்லாமல் தன் சாமியோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். அவர் கும்பிட்ட சாமி வேறு, நான் கும்பிடுகிற முருகன் வேறு. ஆனாலும் அந்த மல்லுக்கட்டு எனக்குத் தெரிந்ததுதான். அப்புறம் அப்பா அம்மாவிடம் போய், அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னார். அவ்வளவுதான். 1899-ல் பட்டம், 1900 ஜனவரி 1-ந் தேதி வேலூர்.

இதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வந்த அதே வருஷம் மே மாதம் அப்பா காலமாகிவிட்டார். யார் பக்கத்தில் நின்று தொழில் பழகலாம் என்று நம்பி வந்தாரோ அவர் இல்லை. கடவுள் சொன்னதைக் கேட்டு வந்தவளுக்கு இப்படியா என்று எனக்கே கோபம் வந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. வீட்டிலேயே ஒரு படுக்கை போட்டு வைத்தியம் பார்த்தார். 1902-ல் நாற்பது படுக்கையோடு ஆஸ்பத்திரி வந்தது. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தபோது, ஒரு சிலர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்று சொன்னார்களாம். 151 விண்ணப்பங்கள் வந்தன. கடைசிப் பரீட்சை எழுதிய 14 பெண்களும் பாஸ். 1960-ல் கொடைக்கானலில், 89 வயதில் அவர் காலமானார்.

நான் ஆஸ்பத்திரி ஒன்றும் கட்டவில்லை. அத்தைக்குப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டேன். எனக்கு அது போதும் என்று மூன்றாம் வருஷத்தில்தான் தோன்றியது. அத்தைக்குப் பேச்சு போய் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது: "சரி." பசிக்கிறது என்பதற்கும் சரி, வலிக்கிறது என்பதற்கும் சரி, என் சாம்பாரில் உப்பு இல்லை என்பதற்கும் சரிதான். இழுக்கிற இழுப்பை வைத்து நான் அர்த்தம் கண்டுபிடிப்பேன். ஒரு நாள் தலை வாரிவிடும்போது, இடது கையால் என் கன்னத்தைத் தொட்டு ஒரு சரி சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் ஒன்று. கடவுள் சொல்வதும் நாத்தனார் சொல்வதும் ஒன்றல்ல. "உனக்குன்னு எழுதியிருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கெல்லாம் நான் தலையாட்டிக்கொண்டிருந்தது என் அசட்டுத்தனம். இரண்டாம் வருஷம் வாயைத் திறந்தேன். பொங்கலுக்குப் பத்து நாள், கோடை லீவில் பத்து நாள் நாத்தனார் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். முதலில் முகம் சுளித்தாலும் வந்தார், நன்றாகவும் பார்த்தார். மிஷினையும் அம்பத்தூரிலிருந்து கொண்டுவரச் செய்து அத்தையின் கட்டில் ஓரம் போட்டேன். மிஷின் ஓடுகிற சத்தம் அத்தைக்குப் பிடித்திருந்தது. நிறுத்தினால் திரும்பிப் பார்ப்பார்.

சகோதரிக்கு: உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி கொடுப்பதும் அதில் உண்டு. அத்தையின் கடைசி வருஷம் எங்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. பி.எட். சேர்க்கைக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் பத்திரமாக வையுங்கள். கல்லூரிக்கு நேரில் போய், அடுத்த வருஷம் சேர என்ன செய்ய வேண்டும் என்று விசாரியுங்கள். வீட்டுக்காரரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள், அவர் காதிலும் விழட்டும். அடுத்த கடிதத்தில் மாமனார் சாய்ந்து உட்காருகிறாரா என்று எழுதுங்கள். ராத்திரி நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.