வேர்களைத் தேடுவோரும் வேரை நிரூபிக்க வேண்டியோரும்

2025 ஜூலையில் டிரினிடாட் டொபாகோவுக்குச் சென்ற இந்தியப் பிரதமர், அந்தக் கரீபியத் தீவு நாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினரின் ஆறாம் தலைமுறைக்கும் ஓசிஐ அட்டை வழங்கப்படும் என்று அறிவித்தார். சூரிநாமின் ஆறாம் தலைமுறைக்கு 2023இலும், மொரீஷியசின் ஏழாம் தலைமுறைக்கு 2024இலும் இதே சலுகை அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் ஜனவரி 12ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது. 'வேர்களைத் தேடி' என்னும் திட்டத்தின் வழியாக, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் இளைஞர்களை அழைத்து வந்து முன்னோரின் மண்ணைச் சுற்றிக் காட்டுகிறது.

இவற்றை நாம் குறை கூறவில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு இந்த மண்ணோடு உறவு கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் கடல் கடந்து சென்று, இந்திய அரசு போட்ட ஒப்பந்தத்தினாலேயே திரும்பி வந்து, கொங்குச் சமவெளியிலும் அதன் மலைகளிலும் அரை நூற்றாண்டாக வாழும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தம் வேரை வட்டாட்சியர் அலுவலகத்தில் இன்றும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. புலம்பெயர்ந்தோர் என்று அரசு யாரைக் கருதுகிறது, தூதரகங்கள் யாருக்காக இயங்குகின்றன என்னும் கேள்விகளை இந்த இடைவெளி எழுப்புகிறது. விடை தேட, ஒரு சிறிய கரீபிய நாட்டின் தூதரகம் செய்த பணியிலிருந்து தொடங்குவோம்.

பார்படாஸ் காட்டிய வழி

பார்படாசின் மக்கள்தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவு. திருப்பூர் மாநகரின் மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்களே அங்கு மிகப் பெரும்பான்மையினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது, லண்டன் போக்குவரத்து நிறுவனம் 1956 முதல் பார்படாசுக்கே சென்று பேருந்து, ரயில் பணிகளுக்கு ஆள் எடுத்தது. பயணக் கட்டணத்தைப் பார்படாஸ் அரசு கடனாகக் கொடுத்தது. சென்றவர்கள் தம் கூலியிலிருந்து அதை அடைத்தார்கள். கங்காணியின் முன்பணத்தை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதன்று.

இவ்வாறு கரீபியத் தீவுகளிலிருந்து சென்றோரை விண்ட்ரஷ் தலைமுறை என்பர். 1948 ஜூன் 22 அன்று இங்கிலாந்தின் டில்பரித் துறைமுகத்தை அடைந்த 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலின் பெயரால் வந்த வழக்கு அது. 1973க்கு முன்பே பிரிட்டனில் குடியேறியிருந்தோர் அங்கு நிலையாக வாழும் உரிமையை 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் உறுதி செய்தது. எனினும் அந்த உரிமைக்குச் சான்றான ஆவணம் பலருக்கு வழங்கப்படவே இல்லை. 2014, 2016ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின், வீட்டு உரிமையாளரும் முதலாளியும் வங்கியும் மருத்துவமனையும் ஆவணம் கேட்கத் தொடங்கினர். அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டக்கூடிய தரையிறங்கு அட்டைகளையோ பிரிட்டன் உள்துறை 2010இலேயே அழித்துவிட்டிருந்தது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைத்து வரி கட்டியவர்கள் வேலையையும் வீட்டையும் சிகிச்சையையும் இழந்தனர். குறைந்தது 83 பேர் தவறாக நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது பின்னர் தெரியவந்தது.

அப்போது லண்டனில் பார்படாசின் உயர் ஆணையராக, அதாவது தூதராக, இருந்தவர் கை ஹெவிட். பாதிக்கப்பட்டோரின் குரலை அவர் ஊடகங்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கொண்டு சென்றார். மற்றக் கரீபிய நாடுகளின் தூதர்களும் உடன் நின்றனர். 2018 ஏப்ரலில் லண்டனில் நடந்த காமன்வெல்த் மாநாட்டையொட்டி, இது குறித்துப் பேசப் பிரதமர் தெரசா மேயிடம் அவர்கள் நேரம் கேட்டனர். முதலில் மறுப்பே கிடைத்தது. மறுத்த செய்தி வெளியானதும் எழுந்த எதிர்ப்பில், மே கரீபியத் தலைவர்களைச் சந்தித்து மன்னிப்புக் கோரினார். அந்த மாத இறுதியில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். மறு ஆண்டு இழப்பீட்டுத் திட்டம் வந்தது. அதன் தாமதத்தால் பலர் தொகையைக் காணாமலே இறந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இந்த நிகழ்வில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பார்படாஸ் 1966இல்தான் விடுதலை பெற்றது. பாதிக்கப்பட்டோரில் பலர் அதற்கு முன்பே தீவைவிட்டுப் போனவர்கள். சட்டப்படி எங்கள் குடிமக்கள் அல்லர் என்று அந்தத் தூதரகம் ஒதுங்கியிருக்கலாம். பிரிட்டனின் பகை வேண்டாம் என்றும் ஒரு சிறு நாடு எண்ணியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், பேருந்து ஓட்டியவர்களுக்கும் மருத்துவமனையைத் துடைத்தவர்களுக்கும் உரிய ஆவணத்துக்காக அது வல்லரசிடம் வாதாடியது.

கண்டியில் நடந்தது

விண்ட்ரஷ் கப்பல் கரை சேர்ந்த அதே 1948இல், இன்னொரு தீவு தன் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், காப்பியையும் தேயிலையையும் ரப்பரையும் உருவாக்கிய மலையகத் தமிழரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. சேலம், திருச்சி, மதுரை, தஞ்சை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிச் சென்ற இம்மக்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், சக்கிலியர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் ஆண்டையிடம் கடன்பட்டுக் கிடந்தவர்கள் அங்கே கங்காணியிடம் கடன்பட்டார்கள். கடன் கணக்கு எழுதிய 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது என்ற முறை 1921 வரை நீடித்தது. இவர்கள் வாழ்வை எப்போதும் ஒரு தாளே தீர்மானித்திருக்கிறது.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்ற 9,75,000 பேரை எண்ணிக்கையால் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று அம்மக்களிடம் கேட்கும் முன்பே பங்கு முடிந்துவிட்டது.

இப்பங்கீட்டை நிறைவேற்றும் பொறுப்பு இலங்கையிலிருந்த இந்தியத் தூதரகத்தின் மீது விழுந்தது. தோட்ட மக்கள் கண்டியிலிருந்த அதன் அலுவலகத்தின் வாசலில் காத்துக் கிடந்தனர். விண்ணப்பம், விசாரணை, கடவுச்சீட்டு எல்லாம் அங்கேதான். பின்னர் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை பெற்று, ஒதுக்கப்பட்ட இடத்துக்குப் போனார்கள். 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றபோது, இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்திருந்தனர். இந்தியக் குடிமக்கள் என்று எழுதிக் கொடுத்ததோடு தூதரகத்தின் வேலை முடிந்தது. குடிமக்களாக வாழ்வதற்கு வேண்டிய மற்ற ஆவணங்களைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

வட்டாட்சியர் கேட்கும் தாள்

தாயகம் திரும்பியோருக்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்றைய டேன்டீ நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறை ஆகிய இடங்களில் காடு திருத்தித் தேயிலை நட்டவர்கள் இவர்களே. பலர் மலையிறங்கி, கோவையின் நூற்பாலைகளுக்கும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் போனார்கள். 'சிலோன்காரர்' என்ற பெயர் மட்டும் இரண்டு மூன்று தலைமுறை கடந்தும் அவர்களை விட்டுப் போகவில்லை.

அந்தப் பெயரின் சுமை சாதிச் சான்றிதழ் கேட்கும் இடத்தில் வெளிப்படுகிறது. பட்டியல் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குகிறார். தந்தையின் சான்றிதழ் இருந்தால் பிள்ளைக்குக் கிடைக்கும். தந்தை தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பள்ளியைப் பாதியில் விட்டு, சான்றிதழே வாங்காமல் வாழ்ந்தவர் என்றால் விசாரணை தொடங்குகிறது. பூர்வீக ஊர் எது, அங்கே உறவினர் யார், நிலம் உண்டா, பழைய பதிவு உண்டா என்ற கேள்விகள் வருகின்றன. நூறாண்டுக்கு முன் ஊரைவிட்டுப் போன நிலமற்ற சேரிக் குடும்பத்துக்கு எந்தப் பட்டா இருக்கும்? இந்தச் சிக்கலால் சான்றிதழ் கிடைக்காமல் படிப்பையும் வேலையையும் இழந்தோர் நீலகிரியிலும் வால்பாறையிலும் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர்.

சான்றிதழ் இல்லையென்றால் கல்வி உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, இட ஒதுக்கீடு இல்லை. கொங்குப் பகுதியில் பெரும் எண்ணிக்கையில் வாழும் அருந்ததியருக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் சான்றிதழில் எழுதப்படும் சாதிப் பெயரைப் பொறுத்தே கிடைக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியச் சென்றால், அங்கும் முதலில் கேட்கப்படுவது சாதிச் சான்றிதழ்தான். சாதி இம்மக்களைக் கடல் கடந்தும் தொடர்ந்தது, திரும்பி வந்த லயத்திலும் தொடர்ந்தது. சாதியால் இழந்ததை ஈடுசெய்யும் உரிமை மட்டும் கடலிலேயே தொலைந்துபோனது.

சட்டத்தில் உள்ள முடிச்சு எது என்பதையும் பார்க்க வேண்டும். பட்டியல் சாதிகளைக் குறிப்பிடும் குடியரசுத் தலைவர் ஆணை 1950இல் வெளியானது. அந்நாளில் ஒருவருடைய குடும்பத்தின் நிரந்தர வசிப்பிடம் எது என்பதைக் கொண்டே தகுதி ஆராயப்படுகிறது. 1950இல் இவர்களின் பெற்றோர் நுவரெலியாவிலும் பதுளையிலும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மத்திய அரசு 1977இல் வகுத்த வழிகாட்டுதல், பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ அந்நாளில் தற்காலிகமாக வெளியே இருந்தவர், தம் சொந்த மாநிலத்தில் அச்சாதி பட்டியலில் இருந்தால் பட்டியல் சாதியினராகவே கருதப்படலாம் என்கிறது. பிழைப்புக்காகப் போனவர்கள் என்பதற்கு மலையகத் தொழிலாளரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எது? இவர்களை இந்தியர் என்று ஏற்று இந்திய அரசே கடவுச்சீட்டும் வழங்கியிருக்கிறது. வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைத் திறப்பது அலுவலரின் மனப்போக்குக்கு விடப்பட்டிருப்பதே அநீதி.

இதைக் கரீபிய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிரினிடாடிலும் சூரிநாமிலும் ஓசிஐ அட்டை கேட்போர், தம் முன்னோர் கப்பலேறியபோது எழுதப்பட்ட குடியேற்றச் சீட்டை ஆவணக் காப்பகங்களில் தேடி எடுக்கின்றனர். பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், ஊர், உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றோடு சாதியும் அதில் எழுதப்பட்டிருக்கும். காலனி ஆட்சி கூலியைக் கணக்கெடுக்க எழுதிய தாள் ஆறாம் தலைமுறைக்கும் உறவுச் சான்றாகிறது. சுதந்திர இந்தியாவின் தூதரகம் கண்டியில் கொடுத்த தாளோ, இரண்டாம் தலைமுறைக்கே வட்டாட்சியர் அலுவலகத்தில் போதுமானதாக இல்லை.

மலையிலும் முகாமிலும்

தாள் மட்டுமன்று, தலைக்கு மேலிருக்கும் கூரையும் இன்று கேள்விக்குறியாகியுள்ளது. டேன்டீ 2022இல் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க முடிவெடுத்தது. ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலையில், காட்டைத் தோட்டமாக்கியவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் மனைகூட இல்லை.

இவர்களைவிடத் துயரமான நிலையில் இருப்போர் பவானிசாகர், பூலுவப்பட்டி போன்ற மறுவாழ்வு முகாம்களில் வாழும் மலையக வம்சாவளியினர். 1983க்குப் பின் இனப்படுகொலைக்கு அஞ்சி வந்த இவர்களில், ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டியவர்களும் உண்டு. 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இல்லாததால் பிறப்புரிமையும் இல்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க ஆணையிட்டது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு பிறப்பித்த ஆணை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. தண்டிக்க மாட்டோம் என்ற உறுதி, குடிமக்களாக ஏற்பதாகாது. குடியுரிமை இல்லாதபோது பட்டியல் சாதி உரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனையும் முகாம்களின் மறுவாழ்வுப் பணியையும் ஒரே ஆணையரகம்தான் கவனிக்கிறது. விழா நடத்தும் கையாலேயே இந்த அநீதியையும் தீர்க்க முடியும்.

தாயகம் திரும்பியோரின் கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் பூர்வீகச் சான்றாக ஏற்று, சாதியைக் குடியிருப்பிலேயே நேரடி விசாரணையால் உறுதி செய்யும்படி எல்லா வட்டாட்சியர்களையும் கட்டுப்படுத்தும் தெளிவான அரசாணை வேண்டும். கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் இதற்கெனச் சிறப்பு முகாம்கள் நடத்தப்பட வேண்டும். கண்டியில் தொகுக்கப்பட்ட விண்ணப்பப் பதிவேடுகளின் படிகளை மத்திய அரசு மாவட்ட நிர்வாகங்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். ஆவணத்தைத் தொலைத்த ஏழையிடம் ஆவணம் கேட்பதைவிட, அதை எழுதிய அரசு தன் அலமாரியில் தேடுவதே முறை. டேன்டீ தொழிலாளருக்கு வீட்டுமனைப் பட்டாவும், முகாம்களிலுள்ள மலையக வம்சாவளியினருக்குத் தனி முடிவின் மூலம் குடியுரிமையும் வழங்கப்பட வேண்டும்.

மூன்று லட்சம் பேர்கூட இல்லாத ஒரு தீவின் தூதரகம், தன் தொழிலாளரின் தாளுக்காக லண்டனில் குரல் எழுப்பியது. இங்கே எந்த வல்லரசோடும் மோத வேண்டியதில்லை. நம் அரசு நம் வட்டாட்சியருக்கு ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். அடுத்த அயலகத் தமிழர் நாளுக்குள் அந்த ஆணை வர வேண்டும் என்று கோருகிறோம்.